வராதவர்களின் கணக்கு

எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, ஊசி போடும் வேலை என்றுதான் அம்மா நினைத்தாள்.

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட்டு வுழறவ நீ. அங்க போயி இன்னாத்தடி பண்ணப் போற?" என்றாள்.

"ரெக்கார்டு செக்‌ஷன்மா. கணக்கு எழுதற வேலை."

"ஆஸ்பத்திரியில இன்னா கணக்கு?"

 கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த எனக்கு, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதே போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கணக்கு எதற்கு என்பது புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊர் முடிந்து கரும்பு வயல்கள் தொடங்கும் இடத்தில் அந்தத் தொண்டு ஆஸ்பத்திரி இருந்தது. நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டரம்மா. பிரசவமானாலும் பாம்புக்கடியானாலும் அவர்தான். நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே எழுதுவார். அவர் கையெழுத்தைப் படிக்கப் பழக எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. இன்னொருவர் நிர்வாகி. திருநாவலூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். பார்த்துவிட்டால் தள்ளிப்போடாமல் முடிவெடுப்பார்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு கிளைகள் இருந்தன. ரிஷிவந்தியம் பக்கம் ஒன்று. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி, வாடகைக்குப் பிடித்த ஓட்டு வீடு ஒன்றில் இன்னொன்று. கிளைக்கு ஒரு நர்ஸ். டாக்டரம்மா வாரம் ஒருமுறை ஜீப்பில் இரண்டுக்கும் போய் வருவார்.

என் வேலை, வீட்டுக்குப் போன நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை ஒழுங்காக அடுக்குவதும், மாதக் கடைசியில் அறிக்கை எழுதுவதும். எத்தனை பிரசவம், எத்தனை காய்ச்சல், எத்தனை பாம்புக்கடி, எத்தனை சாவு. ஒரு படி கடலூருக்கு, மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போகும். ஒரு படி எங்களுக்குப் பணம் அனுப்பும் அறக்கட்டளைக்குப் போகும். மூன்றாவது படி பீரோவுக்குப் போகும். பீரோவுக்குள் போனதை யாரும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை வேண்டுமென்றே ஒரு பத்தியை இரண்டு தடவை டைப் செய்து அனுப்பினேன். எங்கிருந்தும் ஒரு கேள்விகூட வரவில்லை.

அந்த வருடம் நன்கொடையாளர் ஒருவர் மண்ணெண்ணெயில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்றை அனுப்பிவைத்தார். கரண்ட் இல்லாத இடத்திலும் தடுப்பூசி மருந்தையும் பாம்புக்கடி மருந்தையும் கெடாமல் வைத்திருக்கலாம். இருந்தது ஒன்றே ஒன்று. எந்தக் கிளைக்குக் கொடுப்பது?

நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். "நம்மகிட்ட வர்ற பேஷண்ட் எல்லாம் எந்தெந்த ஊருன்னு பிரிச்சி எழுதிக் குடும்மா. அதப் பாத்து முடிவு பண்ணிடலாம்."

அதுவரை யாரும் என்னிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரித்தேன். ஒரே ஊரை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருந்தார்கள், அதையெல்லாம் நேராக்கினேன். பெரிய தாளில் கோடு போட்டு அட்டவணையாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிஷிவந்தியம் பக்கத்துக் கட்டங்கள் நிரம்பி வழிந்தன. மலைக் கிராமங்களின் கட்டங்கள் கிட்டத்தட்ட காலியாக இருந்தன.

நிர்வாகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மலையிலேர்ந்து பாம்புக்கடின்னு வந்தவங்கள ஒரு கை விரல்ல எண்ணிடலாம் போல. இதுக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு? கிளையே எதுக்குன்னு கேக்கணும்."

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "மலையில பாம்பே இல்லையா சார்?"

"இருக்கும். கடிச்சதா நம்ம புத்தகத்துல இல்லையே, டாக்டர்."

டாக்டரம்மா அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் ரிஷிவந்தியத்துக்கு, மலைக் கிளையை மூடிவிட்டு அங்கிருக்கும் நர்ஸையும் ரிஷிவந்தியத்துக்கே மாற்றுவது என்று அடுத்த கமிட்டி கூட்டத்தில் வைக்க எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சங்கராபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். என் அட்டவணையை ஒருவர் படித்தார், படித்து ஒரு முடிவுக்கு வந்தார் என்பதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கமிட்டி கூடுவதற்குள் சாலை மறியல் வந்துவிட்டது.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த நேரம். எங்கள் பக்கத்துப் பெரிய விவசாயச் சமூகம், தங்கள் ஜனத்தொகைக்குத் தக்கபடி படிப்பிலும் வேலையிலும் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக் கிடைக்காமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை. துப்பாக்கிச் சூடு என்றார்கள், எங்கோ குடிசைகள் எரிகின்றன என்றார்கள். எது உண்மை, எது வதந்தி என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்தோம். என் வீடு சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே காலனியில், சின்ன மாதா கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது. எங்கள் தெரு ஆண்கள் வேலைக்குப் போகாமல் தெருமுனையில் காவல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. நர்ஸுகளோடு அவர்கள் விடுதியில் தங்கிவிட்டேன். வயல் வழியாக சைக்கிளில் வந்த ஒருவர், "உங்க தெருவுல ஒண்ணும் ஆவல, அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆஸ்பத்திரி காலியாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் நடந்து வந்தார்கள். டாக்டரம்மா உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதை அந்த வாரத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். சாப்பிட்டாரே தவிர, ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மரங்களை அறுத்து எடுத்து, பஸ் ஓடத் தொடங்கியது. மாதக் கடைசியும் வந்தது. அறிக்கைக்காக எண்களைக் கூட்டினேன். பிரசவம் குறைந்திருந்தது. பாம்புக்கடி குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகள் குறைந்திருந்தார்கள். சாவு என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை.

நிர்வாகி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கலாட்டா நடந்தாலும் நமக்கு நல்ல மாசம்தாம்மா இது" என்று கையெழுத்துப் போட்டார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. தாளில் இருந்ததைத்தான் சொன்னார்.

அறிக்கையைக் கவருக்குள் போட என்னால் முடியவில்லை. மழை ஈரத்தில், வரப்பில் புல் மண்டிக் கிடக்கும் காலம். வழக்கமாக விரியன் கடித்தவர்கள் அதிகம் வரும் வாரங்கள் அவை. பாம்புகளுமா மறியலில் உட்கார்ந்தன? பிள்ளைத்தாய்ச்சிகள் வலியை ஒரு வாரம் தள்ளிவைத்துக் கொண்டார்களா?

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார். "நானும் அத நெனச்சேன். ஆனா எங்க போய்த் தெரிஞ்சிக்கிறது?"

"ஊர்ல போய்க் கேட்டாத் தெரியும் இல்லங்களா?"

"இப்பவா? நீயா?"

"பகல்ல போயிட்டு பகல்ல வந்துடறேன்."

 "ஜீப் வேணாம். ஜீப்பப் பாத்தா சர்க்கார் ஆளுன்னு நெனப்பாங்க. பஸ்ல போ" என்றார்.

சங்கராபுரம் சாலையில், வழக்கமாக எங்களுக்கு நிறைய நோயாளிகள் வரும் ஒரு கிராமத்தில் இறங்கினேன். சாலையோரம் வெட்டிய புளியமரத்தின் அடிப்பகுதி இன்னும் கிடந்தது. பக்கத்து டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரைக் கேட்பது என்று விசாரித்தபோது ஓர் இளைஞரைக் காட்டினார்கள். அந்த ஊரில் மறியலை முன்நின்று நடத்தியவர் அவர்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். குரல் இன்னும் கட்டியிருந்தது.

"யாரும்மா நீ? போலீஸ் கணக்கா?"

"இல்லண்ணா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்."

"ஊரு எது?"

சொன்னேன்.

"ஊரா, காலனியா?"

"காலனி."

 ஒருவர் டம்ளரைக் கழுவுவது போல் திரும்பிக்கொண்டார்.  வந்தது வந்தாயிற்று, கேட்டேன்.

"அந்த ஒரு வாரத்துல ஒடம்பு முடியாம, ஆஸ்பத்திரிக்கு வர முடியாமப் போனவங்க யாருன்னு தெரியணும்ணா. உங்க தெருவுலயும் கேக்கணும், காலனியிலயும் கேக்கணும்."

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? எங்களாலதான் செத்தாங்கன்னு எழுதுவீங்களா?"

"யாராலன்னு எழுத எங்க தாள்ல எடமே இல்லண்ணா. வந்தவங்கள மட்டும்தான் நாங்க எண்ணிக்கினு இருக்கோம். வராதவங்க இல்லாதவங்கன்னு ஆயிடுது. மருந்த எங்க வெக்கிறதுன்னு அதப் பாத்துதான் முடிவு பண்றாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். 

"நாங்களும் அதத்தாம்மா கேக்கறோம்," என்றார் கடைசியில். "எங்கள எண்ணுங்க, எண்ணிப் பாத்துக் குடுங்கன்னு. எண்ணாத எப்பிடிப் பங்கு வெப்பாங்க?" எழுந்தார். "வா."

அவருடைய தெருவில் வீடு வீடாக என்னை அழைத்துப் போனார். முதல் சில வீடுகளில் ஒன்றுமில்லை. ஒரு வீட்டில், வயிற்றுப்போக்கில் துவண்டுபோன பிள்ளையை மறியலில் இருந்த பையன்களே மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதையும் எழுதிக்கொள் என்பது போல. எழுதிக்கொண்டேன்.

அடுத்தது அவருடைய சித்தி வீடு. உள்ளே சித்தியின் மகள் சுவரோரம் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குரிய எல்லாம் அந்த அறையில் இருந்தன. பிள்ளை மட்டும் இல்லை. கால் முதலில் வந்த பிரசவம். இரண்டு நாள் வலி.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "செத்துப் பொறந்துச்சின்னு சொன்னீங்க. ரெண்டு நாளு வலியில கெடந்தான்னு ஏன் சித்தி எங்கிட்ட சொல்லல?"

"நீ ரோட்ல கெடந்த. உங்கிட்ட வந்து இன்னான்னு சொல்றது?" என்றாள் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்க முடியாததாக இருந்தது.

நான் எதுவும் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் அடித்தது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னேன். "நாளைக்கி இன்னாத்துக்கு, இன்னிக்கே," என்று அவர் வண்டி பிடிக்க ஓடினார். அவள் பிழைத்துக்கொண்டாள். பிற்பாடு அவளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தன.

வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பியவர், காலனிக்குப் போகும் பாதையில் நின்றுகொண்டார். "அங்க நீ மட்டும் போயிக் கேட்டுக்க. நான் கூட வந்தா வாயத் தெறக்க மாட்டாங்க." பிறகு, "பக்கத்து ஊருங்கள்லயும் எங்க ஆளுங்க இருக்காங்க. இத மாதிரியே கேட்டு வெக்கச் சொல்றேன். அடுத்த வாரம் வா," என்றார்.

சொன்னபடி செய்தார். நான் கேட்ட ஊர்களிலும் காலனிகளிலும் அவர் ஆட்கள் கேட்ட ஊர்களிலும் கிடைத்ததைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வாரம் யாருக்கும் நோய் குறையவில்லை என்று தெரிந்தது. எங்களிடம் வந்திருக்க வேண்டியவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். சிலர் தானாகத் தேறினார்கள், சிலர் பாம்புக்கடிக்குப் பச்சிலை கட்டிக்கொண்டு காலை இழந்தார்கள், சிலர் போய்விட்டார்கள். எங்கள் அறிக்கையில் மட்டும் அது நல்ல மாதம்.

அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தபோது, ஃப்ரிட்ஜுக்காக நான் முன்பு போட்ட அட்டவணை அடியில் கிடந்தது. மறியல் வாரத்து எங்கள் பதிவேடும் அதிலிருந்த மலைக் கட்டங்களும் ஒரே மாதிரி இருந்தன. சாலை அடைபட்ட வாரத்தில் கீழே உள்ள ஊர்கள் எப்படிக் காலிக் கட்டங்களாகத் தெரிந்தனவோ, மலை ஊர்கள் வருடம் முழுக்க அப்படியே தெரிந்தன. அங்கே யாரும் மரம் வெட்டிப் போடவில்லை. பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே இல்லாததால் வெட்டிப் போடவும் தேவையிருக்கவில்லை.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வார்டு நடுவில் நின்று கேட்டார். "கமிட்டி எப்போ?"

"ஐப்பசி கடைசியில."

"அதுக்குள்ள மலைக்குப் போறோம்," என்றார்.

கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதையில் எனக்கு முதல் பயணத்திலேயே வாந்தி. மலைக் கிளையில் இருந்த நர்ஸ் என் வயதுக்காரிதான். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கிளையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. "எனக்கும் கீழ வந்தா நல்லதுதான். வேலையே இல்லாம எத்தன நாளு ஒக்காந்துகினு இருக்கறது?" என்றாள். அவளைத் தேடி வந்தவர்கள் அந்த ஓட்டு வீட்டைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

சந்தை நாளாகப் பார்த்து உட்கார்ந்தோம். எல்லா மேடுகளிலிருந்தும் கடுக்காயும் புளியும் தேனும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரும் நாள். முதலில் நான் கேட்ட விதம் சரியாக வரவில்லை. "போன ஆறு மாசத்துல" என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. "சாமை அறுத்ததுக்கு அப்புறம்", "கடுக்கா பொறுக்கறப்போ" என்று மாற்றினோம். யார் செத்தார்கள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் ஊரில் இப்போது யார் தனியாகப் பிள்ளை வளர்க்கிறார்கள் என்று நர்ஸ் கேட்க ஆரம்பித்தாள். அதற்குப் பதில் வந்தது.

ஒரு பெண், கூடையை இறக்காமலே நின்று சொன்னாள். அவள் புருஷனை சாமைக் காட்டில் பாம்பு கடித்தது. விடிந்தபோது உயிர் இருந்தது, வெயில் ஏறும்போது இல்லை.

"கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவலாம்னு தோணலையாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தோணிச்சி. டோலி கட்டித் தூக்கணும். அஞ்சாறு ஆளு வேணும். கீழ போயி உசுரு போச்சின்னா பொணத்தக் கொண்டாற வண்டிக்காரன் காசு கேப்பான். அதுக்கு எங்க போவறது? இங்கயே போனா நாங்களே தூக்கிக்குவோம்."

டாக்டரம்மா அந்தக் கூடையை அவள் தலையிலிருந்து இறக்கி வைத்தார். 

நர்ஸ் என் பக்கம் குனிந்தாள். "அது அடுத்த மேட்டு ஊரு. இங்கேர்ந்து பாத்தாவே தெரியும். எனக்கே தெரியல பாரேன்." அதற்குப் பிறகு கீழே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த சந்தைக்கும் அதற்கடுத்த சந்தைக்கும் அவளே உட்கார்ந்து கேட்டு எனக்கு அனுப்பிவைத்தாள்.

கமிட்டிக்கு முதல் நாள் நிர்வாகியிடம் எல்லாவற்றையும் வைத்தோம். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கேள்விகள் கடுமையாக இருந்தன.

"சந்தையில சொன்னதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரே சாவ நாலு பேர் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க சார். ஊரும் வூடும் ஒத்துப் போனத ஒண்ணாத்தான் போட்டிருக்கேன். ஒருத்தர் மட்டும் சொல்லி, வேற யாரும் சொல்லாதத தனியா வெச்சிட்டேன். அது கணக்குல இல்ல."

"பாம்புதான் கடிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாத்துக்கும் தெரியாது சார்," என்றார் டாக்டரம்மா. "ஆனா காரணம் எதுவா இருந்தாலும், கீழ வரல. அது தெரியும்."

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாக்குவாதத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் பேசியது வேறு.

"பேங்க்ல புதுசா ஒரு கிளை தொறக்கணும்னா, அந்த ஊர்லேர்ந்து ஏற்கனவே நம்மகிட்ட வந்தவன் எத்தன பேருன்னு பாக்க மாட்டோம். அங்க எத்தன வூடு இருக்கு, பக்கத்துல வேற பேங்க் எவ்ளோ தூரம்னுதான் பாப்போம். வராதவனுக்குத்தானே கிளை? இருவது வருஷம் அந்த வேலையப் பண்ணிட்டு, இங்க வந்து தலகீழாப் பாத்துட்டேன்." தாள்களை அடுக்கி என்னிடம் தள்ளினார். "மேல ஒரு பக்கம் சேரும்மா. எந்த ஊர்லேர்ந்து நம்ம ஆஸ்பத்திரிக்கு வர எத்தன நேரம் ஆவுதுன்னு. கமிட்டிக்கு மொதல்ல அதக் காட்டணும்."

கமிட்டியில் அவர்தான் பேசினார். ஃப்ரிட்ஜ் மலைக்கு என்று முடிவாயிற்று. கிளையும் அங்கேயே இருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று அவரே நிபந்தனையும் போட்டார். ரிஷிவந்தியம் பக்கத்துக்குத் தினமும் ஐஸ் பெட்டியில் மருந்து அனுப்ப ஏற்பாடு செய்தார். அங்கே பஸ் இருக்கிறதே என்றார்.

ஃப்ரிட்ஜ் ஜீப்பில் மலை ஏறியது. ஏறியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. திரி புகைந்து ஓட்டு வீடெல்லாம் கரி பிடித்தது. ஒருமுறை திரி அணைந்து மருந்து வீணாயிற்று. நர்ஸ் அழுதுகொண்டே சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. காலையும் மாலையும் உள்ளே எத்தனை டிகிரி என்று ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒரு தாளில் குறிக்கச் சொன்னார். தாளைப் பார்த்தால் எந்த நேரத்தில் சூடேறுகிறது என்று தெரிந்தது. ஃப்ரிட்ஜை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். அதோடு சரியாயிற்று.

தை பிறந்து சில நாளில், புளி உலுக்கப் போன ஒரு பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்துத் தூக்கி வந்தார்கள். நர்ஸ், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மருந்தை ஏற்றத் தொடங்கினாள். அது டாக்டரம்மா மேலே வரும் நாள். ஜீப் வந்ததும் அவளைக் கீழே கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வார்டில் இருந்தாள். கால் வீக்கம் வடிந்து, சுவரைப் பிடித்து நடந்து, என் அறை வாசல்வரை வந்துவிட்டாள்.

"இந்த ரூம்பு எதுக்கு? இங்க ஊசி போட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இங்க எழுதறதோட சரி."

"எம் பேர எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எங்க, காட்டு." காட்டினேன். படிக்கத் தெரியாதவள். எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனாள்.

அவளுக்குப் பிறகு மலையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மருந்து இருக்கிறது, பிழைக்கிறார்கள் என்று ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் செய்தி போயிற்று. அதோடு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஆஸ்பத்திரியில் சாவு அதிகமாயிற்று. முன்பெல்லாம் வீட்டிலேயே போயிருக்கக்கூடியவர்கள் இப்போது கடைசி நேரத்திலாவது வந்தார்கள். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. பணம் அனுப்பும் அறக்கட்டளையிலிருந்து, உங்கள் சிகிச்சையின் தரம் குறைந்துவிட்டதா என்று கேட்டு எழுதினார்கள்.

எங்கள் அறிக்கையை யாரோ படித்திருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். டாக்டரம்மாவுக்குக் கோபம். பதிலை நான் எழுதட்டுமா என்று கேட்டேன். நிர்வாகி வேண்டாம் என்றார். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அவரே எழுதினார். டைப் செய்யக் கொடுத்தபோது பார்த்தேன். இறந்தவர்களை அவர் மறைக்கவில்லை. எங்கிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் தூக்கி வந்தார்கள், முந்தைய வருடம் அதே ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். கடைசியில், மலைக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார். கேட்டது கிடைத்தது.

ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்ற நிபந்தனையை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மாதம் ஒரு கூட்டம் வழக்கமாயிற்று. நான் எண்களைக் கொண்டுவருவேன். ஆனால் எண்களைப் படித்துக் காட்டுவதோடு கூட்டம் முடியக்கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். ஒவ்வொருவரும் தங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். வார்டு ஆயம்மாவும் கேட்கலாம், ஜீப் ஓட்டுபவரும் கேட்கலாம். முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். ஜீப் ஓட்டுபவர் கேட்டதால்தான் டீசல் எங்கே வீணாகிறது என்று தெரிந்து, மலைக்கு வாரம் இரண்டு தடவை போக முடிந்தது.

அப்படி ஒரு கூட்டத்தில் மலை நர்ஸ் கையைத் தூக்கினாள்.

"பிரசவத்துக்குக் கீழ அனுப்பறேன். நல்லாத்தான் பெத்துக்கறாங்க. ஆனா தையல் பிரிக்கறதுக்கு முன்னாடியே சொல்லாம கொள்ளாம கெளம்பிடறாங்க. ஏன்னு தெரியல."

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றார் ஒருவர். வீட்டில் ஆடு மாடு என்றார் இன்னொருவர். கட்டில் உயரம் பயமாக இருக்கும் என்றாள் ஆயம்மா. நிர்வாகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுல எதையாவது அவங்களக் கேட்டு சொல்றீங்களா, நீங்களா சொல்றீங்களா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெள்ளிமலைக்குக் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று ஜீப் ஓட்டுபவரைக் கேட்டேன். வாந்திக்கு இஞ்சி மரப்பா வாங்கி வைத்துக்கொள், அக்கா என்று அவர் சொல்ல, நர்ஸ் சிரித்தாள். திங்கட்கிழமை போவதென்று முடிவு செய்தோம்.